கொயினாப் பட்டையும் ஒரு மஞ்சள் பொடியும்

அந்தச் சின்ன பாட்டிலின் லேபிளை மூன்றாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. ஹைட்ரோகுவினிடின் என்று தொடங்கி அரை வரிக்கு நீளும் ஒரு பெயர். குவினிடின், குவினின்... அட, கொயினா! புத்தகங்கள் சிங்கோனா என்று சொல்லும் எங்கள் ஊர் மரம்.

அப்போது ஆராய்ச்சிப் படிப்பில் எனக்கு இரண்டாம் வருடம். மலையை விட்டு இறங்கி, கீழ்நாட்டு வெயிலில் வதங்கிக்கொண்டு, கண்ணாடியும் கையுறையும் மாட்டி ஃப்யூம் ஹூட் என்ற புகை உறிஞ்சும் கூண்டின் முன்னால் நின்றிருந்தேன். பாட்டிலுக்குள் ஒரே ஒரு கிராம் வெள்ளைப் பொடி, கடல் கடந்து வந்தது. நடுவட்டத்தில் என் அம்மாச்சி கல்யாணமாகி வந்த புதிதில் உரித்த பட்டைக்கு இது நெருங்கிய சொந்தம். பக்கத்து மேசை சீனியரிடம், "இது எங்க ஊர்ல வளரும்" என்றேன். "ஊட்டில கேரட்தானே வளரும்?" என்றார். விட்டுவிட்டேன்.

நடுவட்டம் தெரியாதவர்களுக்கு: ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், பைக்காரா தாண்டி, மலை சட்டென்று சரியத் தொடங்கும் இடம். தென்மேற்குப் பருவக்காற்று ஏறி வந்து முட்டுவது எங்கள் சரிவில்தான். ஜூன் பிறந்தால் துவைத்த துணி காயாது. அந்த ஈரம்தான் தென்னமெரிக்க மரத்துக்குப் பிடித்துப்போயிற்று. 1860களின் தொடக்கத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் செய்த ஏற்பாட்டில் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த சிங்கோனா விதைகளையும் கன்றுகளையும், ஊட்டி தாவரவியல் பூங்காவைக் கவனித்துக்கொண்டிருந்த வில்லியம் மெக்கைவர் வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவில் ஒரு தோட்டம், நடுவட்டத்தில் ஒரு தோட்டம். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று நம்பத் தகுந்த மருந்து இந்தப் பட்டை ஒன்றுதான்.

மெக்கைவர் கெட்டிக்காரர். மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையை நீளநீளமாகக் கீற்று விட்டு உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவைத்தார். பட்டை மறுபடி வளர்ந்தது. அப்படி வளர்ந்த புதுப் பட்டையில் காய்ச்சலை அடக்கும் சத்தான குவினின் முன்னைவிடக் கூடுதலாகவும் இருந்தது. பாசிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வீட்டுச் சுவரிலேயே வளரும்.

ஆனாலும் நீலகிரிப் பட்டைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. நடுவட்டம் உயரத்தில் நன்றாக வந்தது சிவப்புப் பட்டை ரகம். மொத்தக் கசப்புச் சத்து அதில் நிறைய. ஆனால் அந்தச் சத்தில் குவினினின் பங்கு குறைவு, சிங்கோனிடின் என்ற இன்னொரு சத்து அதிகம். அதே காலத்தில் பொலிவியாவிலிருந்து சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி அனுப்பிய விதையை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் போட்டார்கள். அது குவினின் கொழித்த ரகம். அந்த விதையைத் தேடிப் பொறுக்கிக் கொடுத்த மானுவேல் மமானி என்ற மலைவாசி, அதற்காகவே சொந்த ஊரில் பிடிபட்டு அடிபட்டுச் செத்தார். ஜாவா உலகச் சந்தையைப் பிடித்தது. குவினின் எடுத்தது போக மிஞ்சிய சத்துகளைக் கலப்படமாகவே காய்ச்சி, ஏழைகளுக்கு மலிவு விலைக் காய்ச்சல் தூளாக விற்ற காலமும் இருந்தது. மிச்சம் மீதி, அவ்வளவுதான் மரியாதை.

அந்த மிச்சம் மீதியைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். கரிம வேதியியலில் இன்றைக்கு வினையூக்கி வேலை செய்கிறவர்களைக் கேட்டால், சிங்கோனிடினும் குவினிடினும் குவினினுக்கு ஒரு மாற்றுக் குறைந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காரணம், கை. ஒரே மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு ஆடிப் பிம்ப வடிவங்களில் இருக்கலாம். குவினினும் குவினிடினும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே கோர்வை. இரண்டு கரி அணுக்களில் மட்டும் திருப்பம் மாறியிருக்கும். சிங்கோனிடினும் சிங்கோனினும் இதே மாதிரி இன்னொரு ஜோடி. அச்சு அசலான ஆடிப் பிம்பங்கள் என்று சொல்ல முடியாது, ஒரு மூலை இடிக்கும். ஆனால் வேலை நடக்கிற இடத்தில் இடது செருப்பு, வலது செருப்பு போலவே நடந்துகொள்ளும். நாம் செய்யும் மருந்து மூலக்கூறு இடக்கையாக வேண்டுமா, ஜோடியில் ஒன்றை எடு. வலக்கையாக வேண்டுமா, மற்றதை எடு. இயற்கை ஒரே மரத்தில் இரண்டு செருப்பையும் தொங்கவிட்டிருக்கிறது. இப்படி வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. பெரும்பாலான மரங்களும் செடிகளும் ஒரு காலுக்கு மட்டும்தான் செருப்பு தைக்கும்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் லூயி பாஸ்டர். 1853இல் இந்தக் கொயினாச் சத்துகளிலிருந்து செய்த காரங்களைக் கொண்டு டார்டாரிக் அமிலத்தின் இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டினார். அது பிரிப்பு வேலை, வினையூக்கம் இல்லை. 1912இல் ஜெர்மனியில் ப்ரெடிக் என்பவரும் அவருடைய கூட்டாளி ஃபிஸ்கேயும் பென்சால்டிஹைடுடன் ஹைட்ரஜன் சயனைடைச் சேர்க்கும் வினையில் துளி குவினின் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கை கொஞ்சம் கூடுதலாக வந்தது. குவினிடின் போட்டால் மறு கை. கூடுதல் என்றால் 10 விழுக்காட்டுக்கும் கீழேதான். இன்றைக்கு ஒரு மாணவர் அந்த எண்ணோடு வந்து நின்றால் எங்கள் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் மூலக்கூறு ஒன்று, தான் செலவாகாமல், இன்னொரு மூலக்கூறுக்குக் கை பழக்கிவிட முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

என் கையில் இருந்த பாட்டில் பாரி ஷார்ப்லெஸ் வழியில் வந்தது. 2001இலும் 2022இலும் இரண்டு முறை வேதியியல் நோபல் வாங்கியவர். முதல் பரிசுக்குக் காரணமான ஆக்ஸிஜனேற்ற வினைகளில் ஒன்று இது: இரட்டைப் பிணைப்பின் இரு முனையிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) வைப்பது, அதுவும் நாம் கேட்ட பக்கத்திலிருந்து. இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடம் தேயிலை மாதிரி தட்டை. மேல் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. அந்த ஹைட்ராக்சில்களை வைக்கும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு எந்தப் பக்கம் வந்து உட்கார்கிறதோ அதைப் பொறுத்துக் கை மாறும். வெறும் ஆஸ்மியத்துக்கு மேல் கீழ் தெரியாது. குவினிடினிலிருந்து செய்த லிகண்ட், அதாவது உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணை மூலக்கூறு (என் பாட்டிலில் இருந்தது இதுதான்), அதன் தோளில் ஏறிக்கொண்டால் தெரியும். இன்னொரு நல்ல குணம், லிகண்ட் ஏறிய ஆஸ்மியம் ஏறாததைவிட வேகமாக வேலை செய்யும். அதனால் துளி போதும். கண்தெரியாத ஆஸ்மியம் எழுந்து வருவதற்குள் கண்தெரிந்தது வேலையை முடித்துவிடும்.

இதையெல்லாம் கலந்து கடையில் பொடியாகவே விற்கிறார்கள், ஏடி-மிக்ஸ் என்று. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு. ஆல்ஃபாவில் குவினின் வழி லிகண்ட், பீட்டாவில் குவினிடின் வழி. மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில், பார்க்க சாம்பார் பொடி போல இருக்கும். ஒரு கிலோ வாங்கினால் அதில் லிகண்ட் ஐந்தரை கிராம் அளவு. ஆஸ்மியம் உப்பு இரண்டு கிராம்கூட இராது. மற்றதெல்லாம் ஆஸ்மியத்தைத் திரும்பத் தயாராக்கும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும், பொட்டாசியம் கார்பனேட்டும். டெர்ஷரி பியூட்டனால் என்ற ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதியாக ஊற்றி, பொடியைப் போட்டுக் கலக்கினால் உப்பு தாங்காமல் இரண்டும் பிரிந்து நிற்கும், கீழே பளிச்சென்ற மஞ்சள், மேலே தெளிவு. ஐஸில் வைத்து, பொருளைப் போட்டு, ஸ்டிர்ரரை வேகமாகச் சுழலவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிரான்ஸ்-ஸ்டில்பீன் என்ற இரட்டைப் பிணைப்புப் பொருளைப் போட்டால் கிடைக்கும் டையாலில் (இரண்டு ஹைட்ராக்சில் ஏறிய பொருளில்) 99 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கை. பொங்கல் வைப்பதைவிடச் சுலபம்.

இவ்வளவு சுலபமானதைத்தான் நான் கெடுத்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் அப்போது பணமுடை. ஃபெர்ரிசயனைடு மூட்டையாகச் செலவாகிறது, கழிவும் அவ்வளவு, ஆகவே பழைய முறைப்படி என்எம்ஓ என்ற ஆக்ஸிஜனேற்றியை வைத்து அசிட்டோனும் தண்ணீருமாக ஒரே கரைசலில் செய்து பார் என்றார் சார். செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். பொருள் முழுவதையும் ஒரே மடக்கில் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். திங்கள்கிழமை வந்து, இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றினால் இரண்டு கூம்பு. 80க்கு 20. ஐந்தில் ஒரு பங்கு தப்பான கை. மாதிரியை மாற்றி ஏற்றினேன், கருவியின் பிரிப்புக் குழாயைக் கழுவினேன், சாமியைக் கும்பிட்டேன். அதே 80க்கு 20.

லிகண்ட் மட்டம், பாட்டில் பழசு என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஷார்ப்லெஸ் குழுவின் கட்டுரைகளை நிதானமாகப் படித்தபோதுதான் குற்றவாளி நானே என்று தெரிந்தது.

இதை அப்பாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. அப்பா ஊட்டி கூடலூர் தடத்தில் பஸ் ஓட்டியவர். அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துகொண்டு கேட்டார், "அப்படி என்னதான் தப்பு பண்ணின?"

"ஆஸ்மியம் ஒரு பஸ்னு வெச்சுக்கப்பா. லிகண்ட் டிரைவர். ஆள ஏத்திக்கிட்டுப் போய் இறக்கிவிட்டுட்டு, டிப்போவுல டீசல் போட்டுட்டுத் திரும்ப வரணும். டீசல்தான் என்எம்ஓ. நான் பண்ணின முறைல டீசல் ரோட்டுலயே கிடைக்குது. ஏறின ஆள் இறங்கறதுக்குள்ள பஸ் டீசல் போட்டுக்குது. அடுத்த ஆள் வாசல்லயே நிக்கிறாரு. உள்ள இருக்கிற ஆளோட அவரையும் ஏத்திக்குது. அந்த டிரிப்புல டிரைவர் சீட்டுல யாரும் இல்ல."

"டிரைவர் இல்லாம பஸ் எப்படிப் போகும்?"

"போகும்ப்பா. ஆனா இடது வலது தெரியாமப் போகும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ ஸ்டாப்புல கூட்டத்த சேரவிடாத. ஒவ்வொருத்தரா அனுப்பு."

சரியான விடை. கட்டுரையிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். பொருளைச் சொட்டுச் சொட்டாக விடு, கரைசலில் அது சேராமல் பார்த்துக்கொள், ஏறியவர் இறங்க நேரம் கொடு. சொட்டுவிடும் தானியங்கி ஊசி பம்பு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அது வேறொருவர் பிடியில். ஒரு ராத்திரி முழுக்க டிராப்பிங் ஃபனல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையாலேயே சொட்டுவிட்டேன். எண் நன்றாக ஏறியது. ஏடி-மிக்ஸ் அளவுக்கு ஏறவில்லை. ஏடி-மிக்ஸில் ஃபெர்ரிசயனைடு தண்ணீர் அடுக்கிலேயே கிடக்கிறது. டீசல் டிப்போவில் மட்டும்தான் என்ற மாதிரி. ஆளை இறக்கிவிட்டால்தான் ஆஸ்மியம் தண்ணீருக்குள் போகவே முடியும். மூட்டை மூட்டையாகச் செலவாகிற அந்த உப்பை வீண் என்று நினைத்தது என் அறியாமை. மீதேன் சல்ஃபோனமைடு என்று இன்னொன்றும் சேர்ப்பார்கள், அது "இறங்கு, இறங்கு, சீக்கிரம்" என்று படியில் நின்று விரட்டும் கண்டக்டர். முனையில் இரட்டைப் பிணைப்பு உள்ள பொருள்களுக்கு அந்தக் கண்டக்டர் தேவையில்லை, அவை தாமாகவே குதித்து இறங்கிவிடும்.

வினையூக்கியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும்போது ஒரு மலையை வரைந்து, மலையைக் குட்டையாக்குவது வினையூக்கி என்பார்கள். மலையில் பிறந்தவளுக்கு இது பொறுக்காது. மலை குட்டையாகாது. கீழே முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி. கல்லட்டி வழி குறுக்கு, 36 கொண்டை ஊசி, வண்டி முதல் கியரை விட்டு மாறாத ஏற்றம். கூடலூர் வழி சுற்று, ஊர் ஊராக நின்று போகும், ஆனால் எந்த இடத்திலும் இஞ்சின் மூச்சு முட்டாது. "தூரம் கணக்கில்ல, ஏத்தம்தான் கணக்கு" என்பார் அப்பா. வினையூக்கி காட்டும் வழியும் பெரும்பாலும் அப்படித்தான், நேர்வழியைவிட நிறுத்தங்கள் அதிகம், ஒவ்வொரு ஏற்றமும் சின்னது. ஊட்டிக்கும் தெப்பக்காட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் எந்த வழியில் போனாலும் அதேதான். சமநிலையை வினையூக்கி மாற்றாது என்று பாடப் புத்தகம் சொல்வதும் இதைத்தான். தயிருக்கு உறை ஊற்றுவதை உவமை சொல்கிறவர்களும் உண்டு. அது தப்பு உவமை. உறைமோர் பெருகும். ஆஸ்மியம் பெருகினால் நான் ஏன் பட்ஜெட்டுக்கு அழுகிறேன்?

சிங்கோனிடினுக்கு வருவோம், எங்கள் பட்டையின் மிச்சம் மீதிக்கு. 1979இல் ஜப்பானில் ஓரிட்டோ குழுவினர் பிளாட்டினத்தின் மேல் சிங்கோனிடினைத் தடவி ஹைட்ரஜனேற்றம் செய்தார்கள். வெறும் உலோகத் தூளுக்கு இடது வலது தெரிய ஆரம்பித்தது. 1984இல் மெர்க் மருந்து நிறுவன வேதியியலாளர்கள் சிங்கோனினை ஒரு அம்மோனிய உப்பாக்கி, டொலுவீனும் 50 விழுக்காட்டு காஸ்டிக் சோடாவுமாகப் பிரிந்து நிற்கும் கலவையில் போட்டார்கள். எண்ணெய்ப் பக்கத்துக்கும் தண்ணீர்ப் பக்கத்துக்கும் ஆள் கடத்தும் படகு அது. ஒரு மீத்தைல் துண்டை ஒட்டும் வினையில் ஒரு கையை மற்றதைவிட 92 விழுக்காடு கூடுதலாக வரவைத்தது. காஸ்டிக் சோடாவில் இவ்வளவு நாசூக்கான வேலை நடக்கும் என்று அதற்கு முன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1997இல் கோரி குழுவும் லைகோ குழுவும் தனித்தனியாக, சிங்கோனாச் சத்தில் ஆந்தரசீன் என்ற அகலத் தகடு ஒன்றை ஒட்டி அமினோ அமிலங்களைச் செய்தார்கள். ஹைதராபாத்தில் நான் பிழைப்பு நடத்துவது இந்தப் படகு வகையறாவை வைத்துத்தான். ஸ்டிர்ரர் வேகம் குறைந்தால் கை நழுவும், அது வேறு கதை.

2021 வேதியியல் நோபல் பெஞ்சமின் லிஸ்டுக்கும் டேவிட் மக்மில்லனுக்கும் போனதில் எனக்கு மறுப்பில்லை. 2000இல் அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அன்றைக்குச் செய்தி வாசித்தவர்கள், உலோகமில்லாத வினையூக்கியே அப்போதுதான் பிறந்த மாதிரி பேசியது உறுத்தியது. நெதர்லாந்தில் வின்பெர்க் அதற்கு இருபது வருடம் முன்னாலேயே கொயினாச் சத்துகளை வைத்து இந்த வேலையைச் செய்திருந்தார். 1981இல் அவரும் ஹீம்ஸ்ட்ராவும் எழுதிய கட்டுரையில் ஒரு விளக்கம் வரும். இந்த மூலக்கூறுக்கு இரண்டு கை. ஒரு முனையில் இருக்கும் நைட்ரஜன், தயோல் என்ற கந்தகப் பொருளிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். அதே நேரம் பக்கத்து ஹைட்ராக்சில் மற்ற மூலக்கூறை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாச்சியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். எண்பத்தாறு வயது. காது மந்தம், நினைவு கூர்மை. கொயினா போய்த் தேயிலை வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. தோட்டத்து ஓரம் தப்பிப் பிழைத்த சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்குப் பட்டை கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன். உள்பக்கம் அதற்குள் செம்பழுப்பாக மாறியிருந்தது. நான் ஒரு நுனியைக் கடித்தேன். பிறகு காபி, வெல்லம், எதுவும் அந்தக் கசப்பைத் தொடவில்லை.

"அப்படியா உரிப்பாங்க?" என்று என் பட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் கையால கொம்ப அமுக்கிப் பிடிக்கணும், அந்தக் கையால இழுக்கணும். ரெண்டு கையும் ஒண்ணா வேல செய்யணும் பாப்பா. ஒரு கையால உரிச்சா பிஞ்சு பிஞ்சுதான் வரும்." வின்பெர்க்கின் படத்தை அவள் காற்றில் வரைந்து காட்டினாள். அடிமரப் பட்டை, கிளைப் பட்டை, வேர்ப் பட்டை எல்லாம் தனித்தனிக் குவியல், கலக்கக் கூடாது என்றாள். வேர்ப் பட்டையில்தான் கசப்பு அதிகம் என்பது அவளுக்கு நாக்கு வழியாகத் தெரியும்.

நான் செய்கிற வேலையை ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். துளி போட்டால் போதும், அது செலவாகாது, வேலையை முடித்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடும் என்று.

"அப்போ அதத் திரும்ப எடுத்து வெச்சுக்குவியா?"

லிகண்டைத் திரும்ப எடுக்கலாம். கரைசலைக் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவினால் அதிலுள்ள நைட்ரஜன் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கிவிடும். பிறகு காரம் சேர்த்து மீட்கலாம். புத்தகத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் நான் ஐந்து வருடமும் அந்த அமிலத் தண்ணீரைக் கழிவு கேனில்தான் கொட்டினேன். சின்ன அளவு, யார் உட்கார்ந்து மீட்பது?

"இல்ல அம்மாச்சி, கொட்டிடுவோம்."

அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சத்தமாகச் சொன்னேன். கேட்டிருந்தது. மடியில் கிடந்த பட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பட்டை உதிர்ந்த தூளை விரலால் கூட்டி, அதையும் சேர்த்து முடிந்தாள். "காயற தட்டுல ஒட்டின தூசியக்கூட வழிச்சுத்தான் மூட்டைல போடுவோம்" என்றாள், என்னைப் பார்க்காமல்.